நெட்டி முறியும் சத்தம்

குழந்தைக்குத் திருஷ்டி கழிக்கும் பாட்டி, அதன் கன்னங்களை இரு கைகளாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து விரல்களை மடக்குவார். நெட்டி படபடவென்று முறிந்தால், "எத்தனை கண்ணு பட்டிருக்கு பாரு" என்பார். சத்தம் பெரிதாக இருந்தால் கழிந்த திருஷ்டியும் பெரிது. கேட்பவர்களுக்கும் மனம் லேசாகிவிடும்.

கைரோபிராக்டிக் என்ற முதுகெலும்புச் சிகிச்சை உலகெங்கும் பெற்றிருக்கும் செல்வாக்கில் இந்தச் சத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மேசையில் குப்புறப் படுத்திருப்பவரின் முதுகில் ஒருவர் இரு உள்ளங்கைகளையும் பதித்துச் சட்டென்று அழுத்துகிறார். மடக் மடக்கென்று வரிசையாகச் சத்தம். படுத்திருப்பவர் பெருமூச்சு விட்டுச் சிரிக்கிறார். கைபேசியில் இப்படி எத்தனையோ காணொளிகள். சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்கிறார்கள். விலகிப்போன எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்த ஓசை அது என்று பார்ப்பவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். பல இடங்களில் அப்படியே சொல்லவும் செய்கிறார்கள்.

முதுகுவலி சாதாரண விஷயமில்லை. 2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு இருந்தார்கள் என்பது உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீடு. 2050இல் இது 84.3 கோடியாகும் என்று அதே ஆய்வு கணிக்கிறது. மனிதரை வேலைக்குப் போகவிடாமல் முடக்கும் காரணங்களில் இதுவே முதலிடத்தில் இருக்கிறது. இவ்வளவு பேர் வலியோடு அலையும்போது, அந்த மேசையில் என்ன நடக்கிறது, எது உதவுகிறது, எது உதவவில்லை என்று பொறுமையாகப் பார்ப்பது அவசியம்.

சத்தத்திலிருந்தே தொடங்கலாம். விரல் மூட்டில் எலும்பின் இரு முனைகளும் ஓர் உறைக்குள் எதிரெதிராக இருக்கின்றன. இடையே மெல்லிய படலமாக மூட்டுநீர். விரலை இழுக்கும்போது முதலில் எதுவும் அசைவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த ஈரமான எவர்சில்வர் தட்டுகள் பிரிய மறுத்து, இழுக்க இழுக்கச் சட்டென்று விடுபடுவதை எண்ணிப் பாருங்கள். மூட்டும் அப்படித்தான் திடீரென்று பிரிகிறது. அந்த நொடியில் உள்ளே அழுத்தம் சரிகிறது. நீரில் கரைந்திருந்த வாயு வெளிப்பட்டு ஒரு குமிழி உருவாகிறது.

1947இல் ரோஸ்டன், வீலர் ஹெய்ன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் விரல் மூட்டை இழுத்து எக்ஸ்ரே எடுத்து இந்தக் குமிழியை முதலில் விளக்கினார்கள். 1971இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அன்ஸ்வொர்த்தும் அவரது சகாக்களும், சத்தம் குமிழி தோன்றும்போது வருவதில்லை, அது உடையும்போது வருகிறது என்றார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதுவே பாடமாக இருந்தது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கிரெக் காவ்சுக்கின் குழு ஓடும் எம்.ஆர்.ஐ. படமாகவே இதைப் பிடித்தது. மூட்டு பிரிந்து குழிவு தோன்றுவது நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகிறது. சத்தத்துக்குப் பிறகும் குமிழி அங்கேயே இருந்தது. 2018இல் சந்திரன் சுஜா, பராகத் இருவரும் கணித மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். குமிழி முழுவதும் உடைய வேண்டியதில்லை, ஒரு பகுதி சுருங்கினாலே அந்த அளவு ஓசை வரும் என்று அது காட்டியது. மிச்சக் குமிழி படத்தில் தெரிந்ததற்கும் இது பொருந்துகிறது. விவாதம் இன்னும் முற்றாக ஓயவில்லை. ஆனால் இவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: சத்தம் வாயுவால் வருவது. எலும்போடு எலும்பு உரசுவதோ, விலகிய எலும்பு பொருந்துவதோ காரணமில்லை. ஒருமுறை நெட்டி எடுத்த விரலில் மறுமுறை எடுக்க ஏறத்தாழ இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். வாயு மீண்டும் நீரில் கரைய அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வரும் என்று பிள்ளைகளை அதட்டுவது பல நாடுகளிலும் உண்டு. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டொனால்ட் அங்கர் என்ற மருத்துவர் ஐம்பது ஆண்டுகள் தன் இடது கை விரல்களில் மட்டும் தினமும் நெட்டி முறித்து, வலது கையை விட்டுவிட்டார். 1998இல் முடிவை வெளியிட்டார்: இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை. ஒருவரை மட்டும் வைத்து எதையும் நிறுவிவிட முடியாதுதான். ஆனாலும் ஒரு கேள்விக்காக அரை நூற்றாண்டு காத்திருந்த அவருடைய பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

முதுகிலும் இதே கதைதான். ஒவ்வொரு முள்ளெலும்பும் முன்பக்கம் டிஸ்க் எனப்படும் ஜவ்வோடும் பின்பக்கம் இரண்டிரண்டு சிறு மூட்டுகளோடும் அடுத்ததோடு இணைந்திருக்கிறது. இந்தப் பின்மூட்டுகளும் மூட்டுநீர் நிரம்பிய உறைகள். கைரோபிராக்டர் செய்யும் முக்கியமான வேலை, மூட்டை அது தானாகத் திரும்பக்கூடிய எல்லைவரை மெல்லக் கொண்டுபோய், அந்த எல்லையில் மிகச் சிறிய தூரத்துக்கு மிக வேகமாக ஒரு தள்ளு தள்ளுவது. நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். நடுமுதுகில் விழும் விசை சுமார் 400 நியூட்டன் அளவுக்குப் போகிறது. ஏறத்தாழ 40 கிலோ எடையின் அழுத்தம். கழுத்தில் அதைவிட மிகக் குறைந்த விசையே பயன்படுகிறது. வேகம்தான் இதன் சூட்சுமம். மெதுவாக அழுத்தினால் தசை இறுகி எதிர்க்கும். அது சுதாரிப்பதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

முறைகள் பல. விஸ்கான்சின் மாநிலத்து மவுண்ட் ஹோரெப் என்ற சிற்றூரில் இருந்த கிளாரன்ஸ் கான்ஸ்டெட்டின் முறையில், குறிப்பிட்ட ஒரே முள்ளெலும்பை எக்ஸ்ரே பார்த்துத் தேர்ந்து தள்ளுவார்கள். தாம்ப்ஸன் முறையில் மேசையின் ஒரு பகுதி தள்ளும்போதே சிறிது கீழே விழும். ஆக்டிவேட்டர் என்பது கையடக்கமான சுருள்வில் கருவி, இதில் நெட்டி முறியும் சத்தம் வராது. காக்ஸ் முறையில் மேசையே மெல்ல மடிந்து கீழ்முதுகை இழுத்து விடும். காலுக்கு வலி இறங்குபவர்களுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு முறைக்கும் தனிப் பயிற்சி, தனிச் சான்றிதழ், தனி விசுவாசிகள் உண்டு.

கனடாவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வு என் கவனத்தில் அப்படியே தங்கிவிட்டது. அனுபவமுள்ள கைரோபிராக்டர்களிடம் எந்த மூட்டைக் குறிவைக்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு முதுகின் தோலில் அதிர்வுணரிகளை ஒட்டிச் சத்தம் உண்மையில் எங்கிருந்து வந்தது என்று அளந்தார்கள். கீழ்முதுகில் சராசரியாக 5 சென்டிமீட்டர் தள்ளி வந்தது. ஒரு முள்ளெலும்பையே தாண்டிய தூரம் அது. ஒரே தள்ளில் பல மூட்டுகள் சேர்ந்து முறிந்ததால், குறிவைத்த மூட்டும் சில வேளை அவற்றில் இருந்தது. ஆனாலும் சிகிச்சை பெறுபவர்களுக்குச் சுகம் கிடைக்கத்தான் செய்கிறது. குறி தவறியும் சுகம் வருகிறது என்றால், அந்தச் சுகத்துக்குக் காரணம் குறி இல்லை. வேறெதையோ தேட வேண்டும்.

இந்தச் சிகிச்சை பிறந்தது அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் டேவன்போர்ட் நகரத்தில். டேனியல் டேவிட் பால்மர் கனடாவில் பிறந்து அங்கே வந்து, காந்தச் சிகிச்சை என்ற பெயரில் கைவைத்துக் குணப்படுத்தும் தொழில் நடத்தியவர். அதே கட்டிடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டுக்குப் பதினேழு ஆண்டுகளாகக் காது சரியாகக் கேட்கவில்லை. 1895 செப்டம்பர் 18 அன்று அவர் முதுகில் புடைத்திருந்த ஓர் எலும்பைத் தள்ளிச் சரிசெய்ததாகவும் உடனே காது கேட்டதாகவும் பால்மர் எழுதினார். காதுநரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது, முதுகுப்பக்கம் வருவதேயில்லை. ஆனால் பால்மர் அந்த ஒரு நிகழ்ச்சியின்மேல் முழுக் கொள்கையையும் கட்டினார். விலகிய முள்ளெலும்புகள் நரம்பை நெருக்குகின்றன, நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இதனால்தான் வருகின்றன என்றார். 1897இல் பள்ளி தொடங்கினார். உரிமமின்றி வைத்தியம் பார்த்ததற்காக 1906இல் சிறைக்கும் போனார். அவர் மகன் பி.ஜே. பால்மர்தான் இதைப் பெரும் தொழிலாக வளர்த்தெடுத்தவர்.

அலோபதி மருத்துவர்கள் இதைச் சும்மா விடவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் போலி வைத்திய ஒழிப்புக்காக ஒரு குழுவையே அமைத்து, கைரோபிராக்டரோடு எந்த மருத்துவரும் சேர்ந்து வேலை செய்யக் கூடாது என்ற நிலையை எடுத்தது. செஸ்டர் வில்க் என்ற சிகாகோ கைரோபிராக்டரும் இன்னும் சிலரும் 1976இல் வழக்குத் தொடுத்தார்கள். 1987இல் நீதிபதி சூசன் கெட்சன்டானர், போட்டியாளரை ஒழிக்கச் சங்கம் சட்டவிரோதமாகக் கைகோத்தது என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு தொழில் உரிமை பற்றியது. சிகிச்சை விஞ்ஞானபூர்வமானது என்று நீதிமன்றம் சான்றிதழ் தரவில்லை. அதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

எலும்பு நகர்கிறதா என்பதை ஸ்வீடனில் சோதித்தார்கள். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டைச் சுற்றி உடலுக்குள் மிகச் சிறிய உலோக மணிகளைப் பதித்து, மூட்டைத் தள்ளிச் சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுத்துத் துல்லியமாக அளந்தார்கள். 1998இல் வந்த முடிவு: செய்தவர்கள் மூட்டு சரியான இடத்துக்கு வந்துவிட்டதாகக் கையால் உணர்ந்தார்கள், படத்தில் எலும்பு இருந்த இடத்தைவிட்டு மாறவில்லை.

அப்படியானால் வலி எப்படிக் குறைகிறது? முதுகின் ஆழத் தசைகளிலும் மூட்டு உறைகளிலும் இழுவையை உணரும் நரம்பு முனைகள் நிறைய இருக்கின்றன. திடீர்த் தள்ளில் அவை ஒரே சமயத்தில் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. இறுகியிருந்த தசை சற்றுத் தளர்கிறது. வலியுணர்வு சிறிது நேரம் மங்குகிறது. நம்பிக்கையோடு ஒருவர் கைவைத்துப் பார்ப்பதும் வலியைக் குறைக்கும். இதை ஏமாற்று என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. வலி என்பது மூளை எடுக்கும் முடிவு. பயந்தவருக்கு அது கூடும், ஆறுதல் பெற்றவருக்குக் குறையும்.

எவ்வளவு குறைகிறது என்பதற்கும் பதில் இருக்கிறது. நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு முதுகைத் தள்ளிச் செய்யும் சிகிச்சை பற்றிய 47 சோதனைகளை, அவற்றில் பங்கேற்ற 9,211 பேரின் முடிவுகளை, 2019இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் தொகுத்தார்கள். உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகள் தரும் பலனுக்கு ஏறத்தாழ சமமான பலன். மேலுமில்லை, கீழுமில்லை. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு உடற்பயிற்சி, மசாஜ், மனநலச் சிகிச்சை ஆகியவற்றோடு இதையும் ஏற்றுக்கொள்ளத்தக்க வழிகளில் சேர்த்தது. இடுப்புப் பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனையும் வழக்கமாகத் தரவேண்டாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நம் ஊரில் முதுகுவலிக்காரர் இடுப்பில் முதலில் ஏறுவது அந்தப் பெல்ட்தான்.

ஆக, கை செய்யும் வேலை மெய், அதற்குச் சொல்லப்படும் காரணம் பொய் என்பது என் முடிவு. காரணம் பொய்யாக இருந்தால் என்ன, வலி குறைந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. "உங்க எலும்பு விலகியிருக்கு" என்பதைக் கேட்டுவிட்டு வெளியே வருபவர், குனியப் பயப்படுகிறார். குடத்தைத் தூக்கப் பயப்படுகிறார். மாதாமாதம் யாராவது சரிசெய்து விட வேண்டிய பழுதான பொருளாகத் தன் முதுகை எண்ணத் தொடங்குகிறார். அசையாத முதுகு மேலும் வலிக்கிறது.

இதே பயத்தை ஸ்கேன் அறிக்கையும் தருகிறது. ஜவ்வு விலகிவிட்டது, டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று படித்ததும் பாதி உயிர் போய்விடுகிறது. 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. தலைமுடி நரைப்பதுபோல வயதோடு வரும் மாற்றங்கள் இவை. உண்மையிலேயே பிதுங்கி நரம்பை அழுத்தும் டிஸ்க்கும் பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் தானாகவே சுருங்குகிறது.

முதுகைத் தாண்டிப் போன உரிமைகோரல்கள் இன்னொரு கதை. குழந்தைகளின் வயிற்று வலி, காதுத் தொற்று, ஆஸ்துமா ஆகியவற்றுக்கும் இது உதவும் என்று பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் சொன்னதை, 2008இல் அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் கார்டியன் நாளிதழில் ஆதாரமற்றது என்று எழுதினார். சங்கம் அவர்மீது அவதூறு வழக்குப் போட்டது. இரண்டு ஆண்டுகள் போராடி 2010இல் மேல்முறையீட்டில் அவர் வென்றார். சங்கம் வழக்கைத் திரும்பப் பெற்றது. அறிவியல் கருத்தைச் சொன்னவரை நீதிமன்றத்துக்கு இழுப்பதா என்று எழுந்த கோபம், இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத் திருத்தம் வரை போனது. கைக்குழந்தையின் முதுகைத் திருப்ப எந்த நியாயமும் இல்லை.

துணைச் சிகிச்சைகளில் சில நன்றாகச் சோதிக்கப்பட்டவை. அக்குபங்சரை ஜெர்மனியில் 1,162 பேரிடம் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். முறைப்படி ஊசி குத்தப்பட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன். புள்ளிகளை விட்டு வேறிடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 27.4 மட்டும். புள்ளி எங்கே என்பது பெரிதாகப் பொருட்டில்லை, கவனித்துச் செய்யும் சிகிச்சைக்கு வலு உண்டு என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பாஸ்டனில் 320 பேரிடம் நடந்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் யோகாசனம் பிசியோதெரபிக்குக் குறையாத பலனைத் தந்தது. மசாஜும் சில வாரங்களுக்கு நன்றாக உதவுகிறது.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகம் 2024இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு. முதுகுவலி வந்து தேறிய 701 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதியினருக்குப் படிப்படியாக நடையைக் கூட்டும் திட்டம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம் என்பது இலக்கு. பிசியோதெரபிஸ்ட் இடையிடையே வழிகாட்டினார். மறு பாதியினருக்கு ஒன்றும் தரவில்லை. நடக்காதவர்களுக்கு நடுமதிப்பாக 112 நாளில் வலி திரும்பியது; நடந்தவர்களுக்கு 208 நாள் ஆனது. எந்த மேசையும் கருவியும் இல்லாமல் கிடைத்த பலன் இது.

கடைசியாக ஆபத்துகள். இவற்றை மட்டும் வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்து எலும்புகளின் துளைகள் வழியே ஏறி, கழுத்தின் முதல் எலும்பைச் சுற்றி வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது இந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான். தமனி ஏற்கெனவே கிழியத் தொடங்கியதால் கழுத்து வலித்து, அதற்காகவே சிகிச்சைக்கு வந்தவர்களும் இதில் உண்டு என்று கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு கருதுகிறது. இருந்தாலும், மென்மையான பயிற்சியே சரிசெய்யக்கூடிய வலிக்காக இந்த அபாயத்தை ஏற்பது தேவையற்றது. முடிதிருத்தும் கடையில் மசாஜ் முடிந்ததும் கழுத்தை இரு பக்கமும் முறித்து விடுவதற்கும் இது பொருந்தும். எந்தப் பயிற்சியும் இல்லாமல் செய்யப்படுவதால் இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். எலும்பைத் தாக்கும் காசநோயில் ஏறத்தாழ பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. அது முள்ளெலும்பை உள்ளிருந்து அரித்துவிடும். அப்படி அரித்த எலும்பின்மேல் 40 கிலோ அழுத்தம் விழுந்தால் தண்டுவடம் நசுங்கலாம். சாயங்காலத்தில் காய்ச்சல், எடை குறைதல், ராத்திரியில் படுத்தாலும் விடாத வலி, முன்பு புற்றுநோய் இருந்தது, மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்ந்தது, சமீபத்தில் விழுந்து அடிபட்டது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் யாரிடமும் முதுகைக் கொடுக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். உட்காரும் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, கால் பலமிழந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மறுநாள் வரை காத்திருந்தால் நரம்பு திரும்பாமலே போகலாம்.

இவை எதுவும் இல்லாத சாதாரண முதுகுவலிக்கு, பயிற்சி பெற்ற ஒருவர் கீழ்முதுகைத் தள்ளிவிடுவதில் தவறில்லை. சில நாள் சுகம் கிடைக்கும். அந்தச் சில நாளில் நடக்கத் தொடங்குங்கள். பத்து இருபது தடவைக்கு முன்பணம் கேட்பவரிடமும், எலும்பு விலகியிருக்கிறது என்று பயமுறுத்துபவரிடமும் திரும்பிப் போகாதீர்கள். கழுத்தை முறிக்க மட்டும் யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.